தோற்றவருக்கு மறுபடியும் ஓட்டா? எங்கள் ஊராட்சியில் மூன்று பேர்

எங்கள் ஊராட்சிக்கு இப்போது தலைவர் கிடையாது. 2019 டிசம்பரில் ஜெயித்தவர்களுக்கு 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு ஒன்றிய அலுவலகத்து அதிகாரிதான் தனி அலுவலராக எங்கள் ஊரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார். ராமநாதபுரம் மாவட்டத்தின் 429 ஊராட்சிகளுக்கும் இதே நிலைதான். அவர் நல்ல மனிதர், ஆனால் அவர் தலையில் எத்தனையோ ஊர். கரையில் லைட் எரியவில்லை என்று விடியற்காலை மூன்று மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. ஊர்த் தலைவர் என்றால் தட்டலாம்.

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்த்து இறங்கினால் எங்கள் ஊர். விசைப்படகு இல்லை. எல்லாம் நாட்டுப்படகு, நண்டு வலை. நான் நண்டு எடை போடுகிற கொட்டகையில் கணக்கு எழுதுகிறேன். படகு கரைக்கு வருகிற வரை அங்கே டீயும் பேச்சும்தான். கொஞ்ச நாளாகப் பேச்சு ஒன்றே ஒன்றைத்தான் சுற்றி வருகிறது: தேர்தல் எப்போது வந்தாலும் யாரை நிறுத்துவது, 2019இல் தோற்றுப்போனவருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாமா?

"தோத்தவங்களை எதுக்குப்பா மறுபடி தூக்கிக்கிட்டு வர்றீங்க? ஊரே வேணாம்னு சொல்லியாச்சுல்ல" என்றார் ஒரு பெரியப்பா. உடனே பக்கத்தில் இருந்தவர், "காமராசரே தோத்தவர்தான்" என்றார். எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் காமராசரிடம் வந்துதான் நிற்கும். 1967இல் அவர் விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்றபோது விருதுநகர் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது, 1985இல்தான் பிரித்தார்கள். அதனால் அந்தத் தோல்வி எங்கள் மாவட்டத்துப் பழி என்று இன்னமும் வருத்தப்படுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். இரண்டே வருஷத்தில், 1969இல், நாகர்கோவில் இடைத்தேர்தலில் அவர் எம்.பி. ஆனார். அதேபோல் அண்ணா 1962இல் காஞ்சிபுரத்தில் தோற்று மாநிலங்களவைக்குப் போய், 1967இல் முதலமைச்சராக வந்தார். ஜெயலலிதா 1996இல் பர்கூரில் தோற்று, 2001இல் ஆட்சிக்குத் திரும்பி, 2002இல் ஆண்டிபட்டியில் ஜெயித்தார். இவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றால், 2011இல் ராமநாதபுரம் சட்டமன்றத் தொகுதியில் வென்ற ஜவாஹிருல்லா 2016இல் இங்கேயே தோற்று, 2021இல் பாபநாசத்தில் வென்றார்.

இந்தப் பெயர்களையெல்லாம் எனக்குத் தெரிந்து பத்துத் தடவையாவது கொட்டகையில் கேட்டிருப்பேன். ஆனால் ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. இவர்கள் எல்லாரும் ஜெயித்தது வேறு ஊரில். தோற்கடித்தவர்களை விட்டுவிட்டு, வேறு மக்களிடம் போய் ஓட்டு வாங்கினார்கள். தோற்கடித்த தொகுதிக்கே திரும்பி வந்து ஜெயித்ததற்கு இந்திரா காந்தியின் ரேபரேலியைச் சொல்லலாம். 1977இல் கைவிட்ட தொகுதி 1980இல் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அதற்கும் முன்னால் அவர் 1978இல் சிக்மகளூருக்குப் போய் ஒருமுறை ஜெயிக்க வேண்டியிருந்தது.

ஊராட்சித் தலைவருக்கு அந்த வழியே கிடையாது. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால்தான் நிற்க முடியும். கட்சிச் சின்னமும் இல்லை, மேலிருந்து யாரும் கைதூக்கிவிட மாட்டார்கள். வேண்டாம் என்று சொன்ன அதே வாசலில், அதே ஆட்கள் முன்னால் போய் நிற்க வேண்டும். அதனால் காமராசரை வைத்து எங்கள் ஊர்க் கேள்விக்குப் பதில் சொல்லிவிட முடியாது. ஆளைப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊராட்சி 2011இலும் பெண்களுக்கு ஒதுக்கியது, 2019இலும் அப்படித்தான். அடுத்த தடவையும் மாறாது என்றுதான் ஊரில் பேச்சு. அதனால் பேச்சில் இருக்கிற மூன்று பேரும் பெண்கள். இது சின்ன ஊர், பேர் போட வேண்டாம். முறை சொல்லியே எழுதுகிறேன்.

முதலில் மதினி. 2011 முதல் 2016 வரை தலைவராக இருந்து, 2019இல் தோற்றவர். முறைக்கு எனக்கு மதினி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் 2019இல் நான் அவருக்கு ஓட்டுப் போடவில்லை.

காரணம் தண்ணீர். அவர் தலைவராக இருந்தபோது மேலத்தெருவில் இருந்து குழாயை நீட்டினார்கள். கரைத்தெருவுக்கு வர இன்னும் நாலு மின்கம்பம் தூரம்தான், அங்கே நின்றுவிட்டது. அவருடைய சொக்காரர், அதாவது பங்காளிகள், வீடுகள் முடிகிற இடம் அது. நாங்கள் குடம் காசு கொடுத்து டிராக்டர் தண்ணீர் வாங்கினோம். என் அம்மா கடைசி வரைக்கும் மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டுதான் குடம் நிரப்பினார். ஒரு குடம் ஊற அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். குழாயை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தது மதினி இல்லை, அவர் வீட்டுக்காரர். ஊராட்சி ஆபீஸில் தலைவர் நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருப்பார். மதினி வீட்டில் நண்டு உடைத்துக்கொண்டிருப்பார், பையன் நோட்டைக் கொண்டுவந்தால் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நோட்டின் ஓரத்தில் நண்டு வாடை அடிக்கும்.

அதனால் 2019இல் கரைத்தெரு மொத்தமாகக் கவிழ்த்தது. நாலு ஓட்டுச்சீட்டில் தலைவருக்கு உண்டான இளஞ்சிவப்புச் சீட்டை மட்டும் மாற்றிக் குத்தியவர்கள் அதிகம். அது சரியான முடிவுதான், இப்போதும் எனக்கு அதில் வருத்தம் இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தவற்றை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. தேர்தல் செலவுக்கு வாங்கிய கடனை அடைக்க அவர் வீட்டுக்காரர் பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போனார். மதினி தனியாக நின்றார். தோற்றவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? ஜெயித்தவர் வீட்டு விசேஷத்துக்குப் போக மாட்டார்கள், கிராம சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள், ஐந்து வருஷம் கழித்து வெள்ளையும் சொள்ளையுமாக வருவார்கள். மதினி கிராம சபைக்கு வந்தார். கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபர் 2ஆம் தேதி நடந்த கூட்டத்தில் பின்னால் சமுக்காளத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் நாற்பது பக்க நோட்டு. வரவு செலவு வாசித்து முடிந்ததும் எழுந்தார். "மேல்நிலைத் தொட்டி மோட்டார் ரிப்பேர்னு மூணு தடவை வாசிச்சீங்க. மூணு தடவையும் எங்க கொடுத்துக் காயில் கட்டுனீங்க? பில்லைக் காட்டுங்க" என்றார்.

கூட்டமே திரும்பிப் பார்த்தது. அவர் குரலை நாங்கள் பொது இடத்தில் கேட்பது அதுதான் முதல் தடவை. ஐந்து வருஷம் தலைவராக இருந்தபோது கேட்டதே இல்லை. கூட்டத்தில் இருந்த ரெண்டு பேர், "நீங்க இருந்தப்ப மட்டும் பில்லு காட்டுனீங்களா?" என்று கத்தினார்கள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "காட்டலை. அதுக்குத்தானே என்னைத் தோக்கடிச்சீங்க. இவங்க காட்டட்டும்" என்றார். எனக்கு அந்தப் பதில் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

2022இல் அரசு கிராம சபையை வருஷத்துக்கு நாலிலிருந்து ஆறாக்கியது. மார்ச் 22 தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்தன. மார்ச் 22க்கு மதினி கரைத்தெருப் பெண்களைக் காலிக் குடத்தோடு கூட்டி வந்தார். பல பேர் அவருக்கு ஓட்டுப் போடாதவர்கள், அது அவருக்கும் தெரியும். எங்கள் ஊரில் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது ஓட்டு எண்ணி முடிவதற்குள் தெரிந்துவிடும். விட்டுப்போன அந்த நாலு கம்பம் தூரத்துக் குழாய் அடுத்த வருஷம் வந்தது. போட்டது அன்றைய தலைவர், விடாமல் கேட்டது மதினி.

இவருக்கு ஓட்டுப் போடுவதில் பயம் இல்லையா? இருக்கிறது. இரண்டாவது தடவை வருகிறவர்கள் இரண்டு மூட்டையோடு வருவார்கள். ஒன்று கடன் மூட்டை, போன தடவை விட்டதையும் சேர்த்து எடுக்கப் பார்ப்பார்கள். இன்னொன்று கோப மூட்டை, தோற்கடித்த தெருவுக்குத் தண்ணீரை அடைப்பார்கள். இந்தக் கடலோரத்தில் இரண்டையும் பார்த்த ஊர்கள் உண்டு. மதினி விஷயத்தில் கடன் அடைந்துவிட்டது, நகையைத் திருப்பிவிட்டார் என்று அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். கோபம் இருந்திருந்தால் எங்கள் தெருவுக்காகக் குடம் தூக்கியிருக்க மாட்டார். எனக்கு மிச்சம் இருந்த பயம் வேறு. அவர் வீட்டுக்காரர் பஹ்ரைனில் இருந்து திரும்பி வந்துவிட்டார். டீக்கடையில், "நாம ஜெயிச்சா" என்று பேசுகிறார்.

அடுத்தது அக்கா, 2019இல் ஜெயித்து 2025 ஜனவரி வரை இருந்தவர். இவரைக் குறைத்துப் பேச மாட்டேன். பதவி ஏற்று மூன்று மாதம் முடிவதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. நண்டு வாங்க ஆள் வரவில்லை, பிடித்த நண்டைக் கரையிலேயே கொட்டினோம். அந்த நேரத்தில் கபசுரக் குடிநீர் காய்ச்சி வீடு வீடாகக் கொடுத்ததும், கார்டு இல்லாத வீடுகளுக்கு அரிசி வாங்கித் தந்ததும் அக்காதான். கரையில் இப்போது இருக்கிற ஹைமாஸ் லைட் அவர் அலைந்து வாங்கியது. அதற்கு முன்னால் பெண்கள் வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டுதான் வலையிலிருந்து நண்டு கழற்றினார்கள். நண்டு கடித்து விரல் பிய்ந்தவர்கள் இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அந்த லைட்டின் அருமை எங்களுக்குத்தான் தெரியும். ஒன்றிய ஆபீஸில் யாரைப் பார்த்தால் எது நடக்கும் என்பதும் அக்காவுக்கு அத்துபடி.

குறை என்ன என்றால், அவர் ஊரைக் கூட்டுவதை வேண்டாத வேலை என்று நினைத்தார். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்கு 100 பேராவது வரவேண்டும் என்பது விதி. 30 பேர் வருவார்கள், மிச்சக் கையெழுத்து மறுநாள் நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் வாங்கப்படும். யாரிடமும் கேட்காமல் பேவர் பிளாக் ரோடு போட்டார். ரோடு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வீட்டு வாசலைவிட உயரம். மழை பெய்தால் தண்ணீர் ரோட்டில் நிற்காமல் நேராக அடுப்படிக்கு வருகிறது. கூட்டத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எந்தக் கிழவியும் சொல்லியிருப்பார்.

அப்புறம் துணைத்தலைவரோடு சண்டை. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவர், துணைத்தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். இருவருக்கும் பேச்சு நின்றுபோய், பல்பு வாங்கக்கூடப் பணம் எடுக்க முடியாமல் சில மாதம் தெரு இருட்டாகக் கிடந்தது. யார் மேல் தப்பு என்று நான் ஆராயவில்லை. இருட்டில் நடந்தது நாங்கள்.

மூன்றாவது பாப்பா. இருபத்தைந்து வயது, பி.காம். முடித்து ஊரிலேயே இ-சேவை வேலை பார்க்கிறது. நிற்பதற்கு 21 வயது ஆனால் போதும், சட்டப்படி தடை ஒன்றும் இல்லை. கொட்டகையில் எனக்குக் கணக்கு இடித்தால் நான் கேட்பதே இந்தப் பெண்ணிடம்தான். எந்தத் திட்டத்துக்கு எந்த விண்ணப்பம், எந்தத் தேதிக்குள் என்று விரல்நுனியில் வைத்திருக்கிறது. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆனபோது, பேர் விட்டுப்போனவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தது இதுதான்.

இளைஞர்கள் இதைத்தான் நிறுத்த வேண்டும் என்கிறார்கள். புது ஆள், கறை இல்லை. சரி. ஆனால் கறை இல்லை என்பதற்கு இன்னொரு அர்த்தம், இன்னும் எதிலும் கை வைக்கவில்லை என்பது. இரண்டு தெரு தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும்போது நடுவில் நின்று "இன்றைக்கு இவர்களுக்கு, நாளைக்கு உங்களுக்கு" என்று வால்வைத் திருப்புவது மனு எழுதுவதைவிடக் கஷ்டம். கற்றுக்கொள்ளும், சந்தேகம் இல்லை. கற்றுக்கொள்கிற வரைக்கும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பது யார் என்பதுதான் என் கேள்வி. பாப்பாவுக்கு ஆதரவாக முன்னால் நிற்கிற இரண்டு பெரிய ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். மதினி வீட்டுக்காரர் உட்கார்ந்த நாற்காலியில் இந்த முறை தாங்கள் உட்காரலாம் என்று நினைக்கிறவர்கள் அவர்கள்.

ஓட்டே வேண்டாம், ஊர் கூடி ஏகமனதாக ஒருவரைச் சொல்லிவிடலாம் என்று ஒரு யோசனையும் ஓடுகிறது. கோயிலுக்கு இவ்வளவு பணம் என்று யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு என்பதில்தான் அது முடியும். பதவியை ஏலம் விடுவது சட்டப்படி குற்றம். அதைவிட, காசு கட்டி வந்தவரிடம் மோட்டார் பில்லை யார் கேட்பது? இதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

ஆக, மூன்று பேர். வேலை வாங்கும் சாமர்த்தியத்தில் அக்காதான் முதல். படிப்பிலும் வேகத்திலும் பாப்பா. இந்த இரண்டிலும் மதினி பின்னால்தான். ஆனால் பதவி, நாற்காலி, கையெழுத்து எதுவுமே இல்லாத ஐந்து வருஷத்தில் ஊருக்காக யார் நின்றார் என்று பார்த்தால் மதினி மட்டும்தான் தெரிகிறார். அக்காவை அந்தக் கேள்வியில் இன்னும் நாம் பார்க்கவே இல்லை. பதவி போனதிலிருந்து அவர் கிராம சபைக்கு வரவில்லை, இனிமேல் வரலாம். பாப்பாவுக்கு அந்த வயது இன்னும் வரவில்லை. 2011இல் நாம் மதினிக்குப் போட்ட ஓட்டு உண்மையில் அவர் வீட்டுக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் இப்போது கேட்பது அவருக்கு முதல் வாய்ப்பு.

அப்படியும் வீட்டுக்காரர் விஷயத்தைத் தீர்க்காமல் எனக்கு முடிவெடுக்க மனம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கே போனேன். மதினி வாசலில் வலையைப் பிரித்து உலர்த்திக்கொண்டிருந்தார். அண்ணனும் அங்கேதான் இருந்தார். அவர் காதுபடவே கேட்டேன். "மதினி, நீங்க நிக்கிறதா இருந்தா நான் வேலை பாக்குறேன். ஆனா ஆபீஸ்ல அந்த நாற்காலியில யாரு உக்காருவாங்க?"

அண்ணன் வாயைத் திறந்தார். மதினி அவரைப் பார்க்கவே இல்லை. "நான் உக்காருவேன் தம்பி. வேற யாராவது உக்காந்திருந்தா நீயே வந்து எழுப்பு. எழுப்புறதுக்கு முன்னாடி என்கிட்ட கேக்க வேண்டாம்" என்றார். 2011 முதல் 2016 வரையான கணக்கை மனுத்தாக்கலுக்கு முன்னால் கரைத்தெருவில் வைத்து வாசிப்பீர்களா என்றும் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "எல்லாத்துக்கும் பில்லு இருக்காது. இல்லாததை இல்லைன்னு சொல்றேன்" என்றார்.

எனக்கு அது போதும். என் வீட்டு நாலு ஓட்டும் மதினிக்குத்தான்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. துணைத்தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை, வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பாப்பா எங்கள் வார்டில் நின்று ஜெயித்துத் துணைத்தலைவர் ஆனால், ஒவ்வொரு செலவுக்கும் மதினி கையெழுத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் கையெழுத்தும் விழும். ஒருவர் மோட்டார் எங்கே போனது என்று கேட்கத் தெரிந்தவர், இன்னொருவர் பில்லைப் படிக்கத் தெரிந்தவர். மதினியிடம் சொன்னேன், தலையாட்டினார். பாப்பாவின் அம்மா நாளைக் காலை நண்டு எடை போடக் கொட்டகைக்கு வருவார். முதலில் அவரிடம் பேச வேண்டும்.